மண்வெட்டியில் சிக்கும் 'பாம்பு' பாம்பல்ல!

ஓர் உழவு மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. வாழையில் பக்கக்கன்று எடுக்கவோ, மரவள்ளி பிடுங்கவோ, எருக்குழியைக் கிளறவோ மண்வெட்டியைப் போடுகிறீர்கள். மண்கட்டி பிளந்ததும் ஒன்றரைச் சாண் நீளத்தில், ஈய நிறத்தில், வழவழவென்று ஒன்று நெளிகிறது. தலை எது, வால் எது என்று தெரியவில்லை. 'பாம்பு' என்று பக்கத்தில் இருப்பவர் கத்துகிறார். அடுத்த வெட்டில் அது இரண்டு துண்டாகக் கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவிலும் அடிவாரத்திலும் தோட்டம் வைத்திருக்கும் பலருக்கும் பழகிய காட்சி இது.

வெட்டுப்பட்டது பாம்பு அல்ல, பெரிய மண்புழுவும் அல்ல. அது தவளைக்கு உறவு. நீரிலும் நிலத்திலும் வாழும் இருவாழ்விகளில் மூன்று பெரும் பிரிவுகள் உண்டு. தவளையும் தேரையும் ஒரு பிரிவு. வாலோடு, பல்லி போன்ற உடலமைப்பில் இருக்கும் சாலமாண்டர் இன்னொன்று. மூன்றாவது பிரிவுதான் கால்களே இல்லாமல் மண்ணுக்குள் வாழும் சிசிலியன். 'குருடு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பள்ளியில் விலங்கியல் படித்தவர்களுக்கு 'இக்தியோஃபிஸ்' என்ற பெயர் நினைவிருக்கலாம். அதுவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். கேரளத்தில் 'குருடி' என்கிறார்கள். நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் மண்ணுளி, இருதலை, புழுப்பாம்பு என்று வேறு பிராணிகளின் பெயரை இதன் தலையில் கட்டிவிடுகிறோம். சொந்தப் பெயர் இல்லாததே இது சாவதற்குப் பாதிக் காரணம் என்பது என் எண்ணம்.

உலகில் இதுவரை 200-க்கும் மேற்பட்ட சிசிலியன் இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் சுமார் 40 இனங்கள். அவற்றில் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே இருப்பவை. ஒடிசா, ஆந்திரப் பகுதிக் கிழக்கு மலைகளிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் மற்றவை இருக்கின்றன. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சீஷெல்ஸ் தீவுகள், இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா என்று வெப்பமண்டலத்தில் மட்டும் வாழும் கூட்டம் இது. கண்டங்கள் ஒன்றாக ஒட்டியிருந்த காலத்திலிருந்தே மண்ணுக்குள் இருந்து வருகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் கிடைத்த ஏறத்தாழ 19 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவம் ஒன்றில் இதன் மூதாதைக்குச் சின்னஞ்சிறு கால்கள் இருந்தது தெரிகிறது.

அடையாளம் காண்பது எப்படி?

உங்களுக்கு முதலில் வேண்டியது இதுதான். உடல் முழுக்க வளையம் வளையமாகப் பள்ளக் கோடுகள் ஓடும். தோல் ஈரமாக, வழுக்கும். கையால் தொட்டுச் செதிலை உணர முடியாது. சில இனங்களில் வளைய மடிப்புக்குள் நுண்ணிய செதில்கள் புதைந்திருக்கும், ஆனால் அவை வெளியே தெரியாது. கண் இருக்கும் இடத்தில் மங்கலான ஒரு புள்ளிதான் தென்படும். சில இனங்களில் கண்ணின் மேல் எலும்பே மூடியிருப்பதால் அந்தப் புள்ளியும் தெரியாது. வாய், சுறாவுக்கு இருப்பது போல மூக்கு நுனிக்குக் கீழே உள்வாங்கியிருக்கும். மண்ணில் முட்டிக்கொண்டு போகும்போது வாய்க்குள் மண் ஏறாமலிருக்க அந்த அமைப்பு.

மண்புழுவிடமும் வளையங்கள் உண்டு. ஆனால் அதற்குத் தாடையோ பல்லோ முதுகெலும்போ கிடையாது. நீண்டு சுருங்கி நகரும். வளர்ந்த மண்புழுவின் உடலில் தடித்த பட்டை ஒன்று தெரியும். பூந்தொட்டியிலும் குப்பையிலும் காணப்படும், ஒரு சாண்கூட வராத கரிய புழுப்பாம்புக்கு உலர்ந்த, பளபளக்கும் செதில்கள் இருக்கும். அது நாக்கை வெளியே நீட்டும். சிசிலியன் நீட்டாது. மலைத் தோட்டங்களில் மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புக்கும் செதில் உண்டு, வால் நுனி வெட்டிவிட்டது போலச் சொரசொரப்பாக இருக்கும். அதற்கும் விஷம் கிடையாது. மண்ணுளிப் பாம்பு எனப்படும் இருதலை மணியன் தடித்தது, வறண்ட சமவெளி மண்ணை விரும்புவது. ஈரக்காட்டில் அதைத் தேட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. கட்டுவிரியன் குட்டியும் சிறிதாக, பளபளப்பாக, மெல்லியதாக இருக்கும். அதன் கறுத்த உடலில் தெரிவது வெள்ளை நிறப் பட்டைகள். சிசிலியனின் வளையங்களோ நிறமல்ல, தோலிலேயே உள்ள பள்ளங்கள். இந்த வேறுபாட்டில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் கையை வைக்காதீர்கள். மண்ணோடு சேர்த்து மண்வெட்டியில் அள்ளி ஓரமாக விடுங்கள். எது கடித்தது என்று தெரியாத நிலையில் கடி பட்டால் மருத்துவமனைக்குப் போவதில் தாமதம் கூடாது.

சிசிலியனைத் தொட்டால் செத்துப்போவோம், அது தாண்டினால் உடம்பு அழுகும் என்பதெல்லாம் கதை. தோலில் சுரப்பிகள் உண்டு. எதிரிக்கு எரிச்சலூட்டும் திரவத்தை அவை சுரக்கும். அதைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காமல் கழுவிவிட்டால் போதும். பிரேசில் நாட்டு இனமொன்றின் பல்லடியில் விஷத்தன்மை கொண்டதாகக் கருதப்படும் சுரப்பிகள் இருப்பதை 2020-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அதுவும் மண்புழுவை மடக்குவதற்கு உதவும் அளவுதான்.

தலையே கடப்பாரை

மண்ணைத் தோண்டக் கால் வேண்டும், நகம் வேண்டும் என்று நினைப்போம். இது தலையால் தோண்டுகிறது. தவளையின் மண்டையோட்டில் ஓட்டையும் இடைவெளியும் நிறைய இருக்கும். சிசிலியனின் மண்டையோடு ஒரே கட்டியாக இறுகியது. அதை ஆப்பு போல மண்ணில் செருகி, உடம்பு முழுவதையும் ஒரு நீர்க்குழாய் போல அழுத்தத்துக்கு உட்படுத்தி முன்னே தள்ளுகிறது. தோலுக்கும் உள்ளே இருக்கும் முதுகெலும்புத் தசைக்கும் இடையே ஓரளவு தனித்தனி அசைவு உண்டு. வெளித்தோல் வளையின் சுவரைப் பிடித்துக்கொள்ள, உள்ளே முதுகெலும்பு மடங்கி நிமிர்ந்து தலையை இடிக்கிறது. கிணறு வெட்டியவர்களுக்குக் கடப்பாரையை ஓங்க இடமில்லாத இடத்தில் இடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இது வாழ்நாள் முழுக்க அந்த வேலையைச் செய்கிறது.

கண்ணால் பயனில்லாத இருட்டில் வழி தேட, கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் இடையில் இரு பக்கமும் ஒவ்வொரு சிறு உணர்கொம்பு இருக்கிறது. உள்ளே இழுத்து வெளியே நீட்டும் அந்தக் கொம்பு மண்ணின் வாசனையைப் பிடித்து மூக்குக்குக் கொண்டு சேர்க்கிறது. முதுகெலும்புள்ள வேறெந்தப் பிராணிக்கும் இந்த உறுப்பு இல்லை.

இரையைப் பிடிக்கும் விதம் இன்னும் விசேஷம். பின்னோக்கி வளைந்த பற்களால் மண்புழுவைக் கவ்வும். புழு நீளம், வாய் சின்னது. அப்போது தன் உடலையே நீளவாக்கில் கிறுகிறுவென்று சுற்றும். பிழியும் துணியைப் போலப் புழு முறுகி அறுந்துவிடும். ஆற்றில் முதலை செய்வதும் இதேதான்.

மண்புழுவைத் தின்றுவிடுமே?

தின்னும். அதை மறைக்க வேண்டியதில்லை. மண்புழு உரத்தொட்டி வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வி எழுவது நியாயம். ஆனால் மண்புழுவோடு அது நிறுத்திக்கொள்வதில்லை. கேரளப் பல்கலைக்கழகத்தின் ஊம்மன் வி. ஊம்மனும், ஜான் மீஸி, டேவிட் கோவர், மார்க் வில்கின்சன் ஆகியோரும் தென்கேரளத்தில் 'கெகெனியோஃபிஸ் ராமசாமி' என்ற இனத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். தென்மலைப் பகுதியிலிருந்து 1964-இல் விவரிக்கப்பட்ட இனம் இது. நிலத்தைச் சதுரம் சதுரமாகக் குறித்து, மண்ணைத் தோண்டித் தோண்டி எண்ணினார்கள். அதன் இரைப்பையில் மண்புழு, கறையான், எறும்பு மூன்றும் முக்கிய இடம் பிடித்திருந்தன. கிடைத்ததைத் தின்னும் பிராணி என்ற முடிவுக்கே அவர்கள் வந்தார்கள்.

இது இருந்தால் கறையான் மருந்துச் செலவு மிச்சம் என்று நான் உங்களுக்கு ஆசை காட்டப்போவதில்லை. இயற்கை விவசாயம் என்றாலே எதற்கும் ஒரு லாபக்கணக்குக் காட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். ஒரு சாண் ஆழ மண்ணில் ஒன்றரைச் சாண் பிராணி வயிறு நிறையத் தின்று வாழ வேண்டுமென்றால், அந்த மண்ணில் எத்தனை புழு, எத்தனை பூச்சி, எவ்வளவு ஈரம், எவ்வளவு மக்கு இருக்க வேண்டும்? மண்புழு தீர்ந்துபோன மண்ணில் சிசிலியன் இருக்காது. எனவே இது இருப்பதை மண்புழுவுக்கு வந்த ஆபத்து என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, மண்புழு ஏராளமாக இருப்பதன் அறிகுறி அது. தொட்டியில் வளர்க்கும் புழுவைக் காக்க வேண்டுமானால் அடித்தளம் சிமெண்டாக இருந்தாலே போதும், இது உள்ளே வராது.

தோலைத் தின்னக் கொடுக்கும் தாய்

தவளை முட்டையை நீரில் விட்டுவிட்டுப் போய்விடும். சிசிலியன் அப்படியில்லை. இதில் எல்லா இனங்களிலும் கருவுறுதல் தாயின் உடலுக்குள்ளேயே நடக்கிறது. அதன் பிறகுதான் வழிகள் பிரிகின்றன.

இலங்கையில் காணப்படும் இக்தியோஃபிஸ் இனத்தை 1880-களில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பால் சராசின், ஃபிரிட்ஸ் சராசின் ஆகிய இருவரும் ஆராய்ந்து எழுதியது இன்றும் அடிப்படை நூல். நம் மலைகளில் உள்ள இக்தியோஃபிஸ்களின் வாழ்க்கையும் அதே போக்கில்தான். மழைக்காலத்தை ஒட்டி, ஓடை அல்லது கசிவுநீர் அருகில், ஈர மண்ணுக்குள் சிறு அறை போல் இடம் செய்து தாய் முட்டையிடுகிறது. மெல்லிய இழையால் கோத்த மணிகள் போல முட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். அவற்றைச் சுற்றி உடலைச் சுருட்டிக்கொண்டு வாரக்கணக்கில் தாய் காவல் கிடக்கும். காவல் இல்லாத முட்டைகள் பூஞ்சணம் பிடித்தோ பிற உயிர்களுக்கு இரையாகியோ வீணாகிவிடும். பொரித்த குஞ்சு மண்ணிலிருந்து ஊர்ந்து ஓடைக்குப் போகிறது. அதன் வாலில் துடுப்பு உண்டு. வாய்க்காலில் கல்லைப் புரட்டும்போது 'விலாங்குக் குஞ்சு' என்று நீங்கள் நினைத்தது இதுவாகவும் இருக்கலாம். மாதக்கணக்கில் நீரில் வளர்ந்து, உருமாறி, கரையேறி மண்ணுக்குள் போய்விடும். அதன் பிறகு அதற்கு ஓடை வாழிடம் இல்லை.

வேறு சில இனங்களுக்கு ஓடையே தேவையில்லை, முட்டைக்குள்ளேயே உருமாற்றம் முடிந்துவிடும். மகாராஷ்டிரத்தில் உள்ள 'கெகெனியோஃபிஸ் சேஷாச்சாரி' குட்டியே போடுகிறது. ஆசியாவில் குட்டி போடும் இருவாழ்வி என்று முதன்முதலில் அறியப்பட்டது அதுதான், 2008-இல்.

கென்யாவின் டைட்டா மலையில் உள்ள இனத்தைப் பற்றி 2006-இல் வெளிவந்த ஆய்வு உலகையே வியக்க வைத்தது. அங்கே தாயின் வெளித்தோல் குட்டி வளரும் காலத்தில் தடித்துக் கொழுப்பேறுகிறது. குட்டிகள் அதற்கென்றே அமைந்த பற்களால் அந்தத் தோலைச் சுரண்டித் தின்று வளர்கின்றன. ஒரே வாரத்தில் தாயின் எடை 14 சதவீதம் குறைந்திருந்தது. பிரேசிலில் கோகோ தோட்டங்களில் பிடித்த இன்னோர் இனத்தைப் படமெடுத்துப் பார்த்தபோது, தாய் தன் கழிவுத் துவாரம் வழியாகக் கொழுப்பு மிக்க பால் போன்ற திரவத்தைக் குட்டிகளுக்கு நாளுக்குப் பலமுறை ஊட்டுவது தெரிந்தது. குட்டிகள் சத்தம் எழுப்பிக் கேட்கின்றனவாம். இது வெளியானது 2024-இல். கன்றுக்குட்டி முட்டிக் குடிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

உங்கள் தோட்டத்தில் எங்கே இருக்கும்?

கூடலூர், பந்தலூர், வால்பாறை, குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி போன்ற மழை மிகுந்த இடங்களில் பாக்கு, வாழை, காபி, மிளகுத் தோட்டங்கள் வைத்திருப்பவர்கள் பார்க்கக்கூடியது. காட்டில் மட்டும் வாழும் பிராணி என்று நினைக்க வேண்டாம். தென்கேரளத்தில் வீட்டுத் தோட்டங்களிலும் பயிர் நிலங்களிலும் இது தாராளமாகக் கிடைக்கிறது. வாழைத் தூரின் அடி, உதிர்ந்து மக்கும் மட்டைக் குவியல், மாட்டுச் சாணக் குவியலின் விளிம்பு, உரக்குழி, வாய்க்கால் கரை, பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் கசியும் இடம் ஆகியவற்றில் முதலில் பாருங்கள். மழைக்காலத்தில் மேல்மண்ணுக்கு வரும். மண் காயத் தொடங்கினால் ஈரத்தைத் தொடர்ந்து கீழே இறங்கிவிடும். உடலின் பக்கவாட்டில் மஞ்சள் கோடு ஓடினால் இக்தியோஃபிஸ் இனங்களில் ஒன்று. ஆனால் கோடு இல்லாத இக்தியோஃபிஸும் உண்டு.

கென்யாவின் சகல்லா மலையில் 2005-இல் பெயரிடப்பட்ட சிசிலியன் கிட்டத்தட்ட முழுக்கவே விவசாயிகளின் நிலத்தை நம்பி வாழ்கிறது. அந்தச் சரிவில் தைலமரம் நட்டு மண் காய்ந்ததுதான் அதற்கு வந்த பெரிய கேடு. நீலகிரியில் தைலமரமும் ஊற்றும் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தோலால் மூச்சுவிடும் உயிர்

இதற்கு நுரையீரல் உண்டு. ஆனாலும் ஈரத்தோல் வழியாகவும் சுவாசம் நடக்கிறது. மண்ணீரில் என்ன கரைந்திருக்கிறதோ அது உடம்புக்குள் போகும். அதனால்தான் உப்புரமும் மருந்தும் முதலில் இதைத் தாக்கும். மழைக்கு முன்னே மிளகுக்கும் பாக்குக்கும் போர்டோ கலவை அடிப்போம். அடிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அடித்து முடித்த டிரம்மை எங்கே கழுவுகிறீர்கள்? பெரும்பாலும் ஓடையில்தான். தாமிரம் நீரில் வாழும் இருவாழ்விக் குஞ்சுகளுக்குக் கொடிய நஞ்சு. டிரம்மைத் தோட்டத்துக்குள்ளேயே, மேட்டுப் பாங்கான இடத்தில் கழுவி அந்தத் தண்ணீரை மரத்தடியில் ஊற்ற ஐந்து நிமிடம் அதிகம் ஆகும், அவ்வளவுதான். ஓடைக்கரையில் பத்தடி அகலத்துக்குக் களைக்கொல்லி தெளிக்காமல் அரிவாளால் அறுத்து அங்கேயே மூடாக்காகப் போட்டால், கரையும் அரிக்காது.

அடுத்தது பவர் டில்லர். பருவமழை தொடங்கிய முதல் வாரங்களில் கசிவுநிலத்தை ஓட்டுவதைக் கூடியவரை தவிருங்கள். மேல்மண்ணில் இது நடமாடும் காலம் அது. ஈரப் பள்ளத்தை வடித்துக் காயவைத்து, கரையைக் கான்கிரீட்டால் பூசுவதுதான் எல்லாவற்றையும்விட மோசம். மருந்து தெளித்த இடம் சில ஆண்டுகளில் தேறும். கான்கிரீட் தேறாது.

வடகிழக்கு இந்தியாவிலும் இதைக் கொடிய பாம்பு என்று நம்பி அடித்துக் கொல்கிறார்கள். எஸ்.டி. பிஜு, ரச்சுன்லியு கமேய் உள்ளிட்டோர் ஐந்தாண்டு காலம், சுமார் 250 இடங்களில் மண்ணைத் தோண்டித் தேடி, அதுவரை உலகம் அறியாத ஒரு சிசிலியன் குடும்பத்தையே 2012-இல் அறிவித்தார்கள். காரோ மக்கள் வழங்கும் பெயரையே வைத்து அதற்கு 'சிக்கிலிடே' என்று பெயரிட்டார்கள். பெயர் அறிந்த இனங்களிலும் பெரும்பகுதி, பாதுகாப்பு நிலையை மதிப்பிடப் போதிய விவரம் இல்லை என்ற பட்டியலில்தான் இருக்கிறது. மண்வெட்டி பிடிப்பவர்கள்தான் இதை நேரில் பார்ப்பவர்கள் என்பதால், அந்த விவரத்தைத் தர ஆய்வாளர்களைவிட உங்களால் அதிகம் முடியும்.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் ஒன்று செய்யலாம். பயிற்சிக் கூட்டங்களில் விஷப்பாம்பு அடையாளம் சொல்லும்போது இதன் படத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். யாராவது பிடித்துவந்தால் தலையை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், வால் நுனியைக் கீழிருந்தும் கிட்டத்தில் படமெடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலோ நாணயமோ வையுங்கள். தேதி, ஊர், என்ன பயிர், எவ்வளவு ஆழம் என்று எழுதிவையுங்கள். ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இதற்கு ஒரு வரி இருக்கட்டும். இந்தியப் பல்லுயிர் வலைவாசலிலும் படத்தை ஏற்றலாம்.

இரண்டாக வெட்டினால் இரண்டாக வளரும் என்று சிலர் சொல்வார்கள். வளராது, இரண்டும் செத்துப்போகும். உயிரோடு கிடைத்தால் கையை நனைத்துக்கொண்டு, உடலின் நடுப்பகுதியைத் தாங்கி எடுங்கள். வழுக்கும், இறுக்கிப் பிடிக்க வேண்டாம். வெயில் படாத, இலைமக்கு உள்ள ஈர மண்ணில் விடுங்கள். தண்ணீர் உயிர்தானே என்று ஓடையில் வீசிவிடாதீர்கள். சுருண்டு கிடக்கும் தாயும் நடுவில் மணிக்கொத்து போல முட்டைகளும் தெரிந்தால் எதையும் தொடாமல் பெயர்ந்த மண்கட்டியை அப்படியே திரும்ப மூடி, மேலே இரண்டு வாழைச் சருகைப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டுவையுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து அங்கே தோண்டலாம்.